இந்தோசீனாவிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்கள்: நனைந்த பிறகு நான் செய்த தவறுகள்

என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். 1950 முதல் 1954 வரை இந்தோசீனாவில் இருந்தார். அங்கிருந்து புதுச்சேரி நெல்லித்தோப்பு வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆயாவின் (பாட்டியின்) டிரங்குப் பெட்டியில் இருந்தன. ஆயா போன பிறகு பெட்டி எங்கள் ரெயின்போ நகர் வீட்டுக்கு வந்து, தரைத்தளத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. விடிந்து பார்க்கும்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜையும் பைக்கையும் காப்பாற்ற ஓடியதில் பெட்டி நினைவுக்கு வந்தது மதியத்துக்கு மேல்தான். அடுத்த மூன்று நாட்களில் நான் செய்தவையும், அதற்குப் பிறகு 14 மாதம் அலைந்ததும் இங்கே இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்காலில் சொல்தா குடும்பங்கள் பல உண்டு. பரணில் இப்படி ஒரு பெட்டி இருப்பவர்கள் தண்ணீர் வருவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெட்டியைத் திறந்ததும் செய்த முதல் தவறு, ஈரத்தோடு கடிதங்களைப் பிரித்தது. மடித்து மடித்துக் கட்டாக இருந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. உள்ளே எழுத்து இருக்கிறதா போய்விட்டதா என்ற பதற்றத்தில் விரலால் விரித்தேன். மடிப்பிலேயே ஆறு கடிதங்கள் கிழிந்தன. ஈரக் காகிதத்துக்குப் பலமே கிடையாது. கட்டைக் கட்டாகவே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்து, அந்தத் தாளைத்தான் பிடித்துத் தூக்க வேண்டும். வெளிப்புறம் பாதி காய்ந்து, ஓரம் தானாக விலகும்போதுதான் அடுத்த தாளைப் பிரிக்கலாம். அடியில் போடக் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டி போதும். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, அதன் மை ஏறிவிடும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். மின்விசிறி மெதுவாக ஓடலாம், ஆனால் காற்று நேராகத் தாளில் படக்கூடாது. 48 மணி நேரம் என்ற கணக்கை மனதில் வையுங்கள். அதற்குள் காயாத காகிதத்தில் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை கட்டாயம் வரும்.

அவ்வளவு கடிதங்களை இரண்டு நாளில் காயவைக்க முடியாது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் வைத்துவிடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்துப் பத்தாகப் பிரித்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் கவரில் போட்டு உறைய வைத்தால் பூஞ்சை அப்படியே நின்றுவிடும். பிறகு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு கவராக எடுத்துக் காயவைக்கலாம். எங்கள் தெருவில் அன்றைக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த உறவினர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் பாதி சேதம் குறைந்திருக்கும். யார் வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறது என்பதை மழைக்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இரண்டாவது தவறு இஸ்திரிப் பெட்டி. சுருக்கம் போகட்டும் என்று துணி வைத்துத் தேய்த்தேன். சேற்றுக் கறை நிரந்தரமாகப் படிந்ததோடு, தாள் அப்பளம் போல மொரமொரத்துவிட்டது. மூன்றாவது தவறு இதைவிடப் பெரியது. நான்கு கடிதங்களில் சேறு அதிகம் என்று நல்ல தண்ணீரில் அலசினேன். கண் முன்னாலேயே எழுத்தெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து ஓடியது. அவை காப்பியிங் பென்சிலால் எழுதப்பட்டவை. பார்க்கச் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், ஆனால் உள்ளே சாயம் கலந்திருப்பதால் ஈரம் பட்டதும் ஊதாவாகப் பரவும். மைக்கூடு தேவையில்லை, சாதாரண ரப்பரால் அழிக்கவும் முடியாது என்பதால் படையில் இருந்தவர்கள் அந்தப் பென்சிலை அதிகம் பயன்படுத்தினார்கள். அலசும் முன் ஒரு சோதனை போதும்: காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, எங்காவது ஒரு புள்ளியில் வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளில் தண்ணீரே படக்கூடாது. சேறு காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிக்கொள்ளலாம். அந்த நான்கு கடிதங்களில் ஒன்று என் அப்பா பிறந்த செய்தி கேட்டு எழுதியது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

காய்ந்தவற்றை இனிமேல் நனையவிடக் கூடாது என்று பதினொரு கடிதங்களை லேமினேட் செய்தேன். ஒன்றுக்கு 40 ரூபாய், மொத்தம் 440. லேமினேஷன் என்பது நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பசையை உருக்கிக் காகிதத்துக்குள் இறக்குவது. திரும்ப எடுக்கவே முடியாது. என் கடிதங்களில் மூன்றில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கறும்புள்ளிப் பூஞ்சை வந்துவிட்டது. இன்று அதைப் பார்க்கத்தான் முடிகிறது, துடைக்க முடியவில்லை. காசு சின்னதுதான், ஆனால் இதைப் போல வருத்தியது வேறெதுவும் இல்லை, ஏனென்றால் வெள்ளம் செய்யாததை நானே கடையில் கொடுத்துச் செய்தேன். செல்லோடேப்பும் அப்படித்தான், பத்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். கிழிந்ததை ஒட்டாமல் துண்டுகளைச் சேர்த்து ஒரு பாலியெஸ்டர் உறையில் வைத்தால் போதும். சாதாரண ஃபைல் கவர்களில் பல பிவிசி, அது வேண்டாம்.

ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு எது என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. முதல் நாளிலேயே நைந்து போயிருந்த ஒன்பது உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். கடிதம்தானே முக்கியம், உறையில் என்ன இருக்கிறது, முகவரிதானே என்று நினைத்தேன். படையில் இருப்பவர் எழுதிய கடிதத்தில் அது தலைகீழ். எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதைக் கடிதத்துக்குள் எழுதக்கூடாது. அதனால் தாத்தாவின் கடிதங்கள் எல்லாமே "இப்பவும் சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் நான் சுகம், அவ்விடம் அனைவர் சுகத்துக்கும் எழுதவும்" என்று தொடங்கி, மழை, சோறு, பணம், பிள்ளையின் உடம்பு என்று போய் முடியும். எந்த ஊர் என்பது ஒன்றில்கூட இல்லை. அது உறையில் இருக்கிறது.

உறையின் மேல் மூலையில் எஃப்.எம். என்று கையால் எழுதியிருக்கும். இராணுவத் தபால் என்பதால் தபால்தலை தேவையில்லை என்று பொருள். அனுப்புநர் முகவரியில் எஸ்.பி. என்று போட்டு ஐந்து இலக்க எண், அதன் பின்னே டி.ஓ.இ. என்ற மூன்று எழுத்து. எஸ்.பி. என்பது இராணுவத் தபால் பிரிவின் எண், டி.ஓ.இ. என்பது வெளிநாட்டுப் போர்க்களம். அந்த எண் ஊரைக் குறிக்காது, படைப்பிரிவைக் குறிக்கும். பிரிவு இடம் மாறினாலும் எண் கூடவே போகும், ஆள் வேறு பிரிவுக்கோ மருத்துவமனைக்கோ மாறினால் எண் மாறும். ஆகவே உறைகளைத் தேதி வாரியாக அடுக்கி, எண் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்தாலே ஒருவருடைய போர்க்காலப் பயணத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். எந்த எண் எந்தப் பிரிவுக்கு உரியது என்ற பட்டியல்களை பிரான்சின் இராணுவத் தபால் சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். உறையின் பின்பக்கம் புதுச்சேரித் தபாலகத்தில் வந்து சேர்ந்த முத்திரை இருந்தால், கடிதத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி ஒரு வாரம் பத்து நாள் என்றால் விமானம், ஒரு மாதத்தைத் தொட்டால் கப்பல். பதிவுத் தபாலாக வந்த சில உறைகளில் தபால்தலை ஒட்டியிருந்தது, அவற்றை யாரோ ஒரு சித்தப்பா சின்ன வயதில் ஆல்பத்துக்காக வெட்டி எடுத்திருக்கிறார். தலையோடு முத்திரைத் தேதியும் போய்விட்டது. வீட்டில் தலை சேர்க்கும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

தேதியில் ஏமாறும் இடங்கள் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் 1 என்ற எண்ணுக்கு முன்னால் நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், அது நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7 நடுவில் குறுக்குக் கோட்டோடு இருக்கும். நான் முதல் சுற்றில் ஐந்து கடிதங்களுக்குத் தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். தாத்தா சில கடிதங்களில் தமிழ்த் தேதி போட்டிருக்கிறார். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றை எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால் வேலை எளிது. விக்ருதி 1950 ஏப்ரலில் தொடங்குகிறது, அடுத்து கர, நந்தன, விஜய, ஜய. சித்திரையில்தான் வருடம் மாறும் என்பதை மறந்துவிட்டால் தை, மாசி, பங்குனிக் கடிதங்கள் ஒரு வருடம் பின்னே போய்விடும். நந்தன வருஷம் தை 5 என்பது 1953 ஜனவரி, 1952 அல்ல. எழுத்தும் பழையது: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை கொம்பு வைத்தவை, றா, னா சுழித்தவை, புள்ளி பெரும்பாலும் கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி. இளையவர்களால் தனியாகப் படிக்க முடியாது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் அத்தை ஒரே மாலையில் எனக்குப் புரியாத இருபது சொற்களைத் தீர்த்து வைத்தார்.

பணக் கணக்கைப் படிப்பவர்களுக்கு ஒன்று. இந்தோசீனாவில் சம்பளம் பியாஸ்தரில் புழங்கியது. ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்றிருந்ததை 1953 மே 11 அன்று 10 பிராங்க் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களிலும் "முன்போல் அனுப்ப முடியவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம்" என்று தாத்தா எழுதியிருக்கிறார். ஆயா அதைக் கடைசிவரை தப்பாகத்தான் நினைத்திருந்தார் என்று அத்தை சொன்னபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

இன்னொரு பழக்கம் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. தாத்தா ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் வரிசை எண் போட்டிருக்கிறார். நடுவில் ஒன்று வராவிட்டால் வீட்டில் தெரிய வேண்டும் என்பதற்காக. எங்களிடம் இருப்பவை 43, கடைசிக் கடிதத்தின் எண் 61. அதாவது 18 கடிதங்கள் வழியிலோ வீட்டிலோ தொலைந்திருக்கின்றன. உங்கள் கடிதக் கட்டிலும் அப்படி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டு வரிசை எண், கடிதத் தேதி, எஸ்.பி. எண், முத்திரைத் தேதி, வந்து சேர்ந்த தேதி, பேனாவா பென்சிலா, யார் கையெழுத்து, யார் யார் பெயர் வருகிறது என்று நிரப்புங்கள். கையெழுத்துக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

நகல் எடுக்கும்போது 600 டிபிஐ, வண்ணம், டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதாப் பென்சிலும் கறையும் ஒன்றாகிவிடும். நோட்டுத் தாளில் பாதி அளவுள்ள ஒரு பக்கமே 50 எம்பி வரும், அதனால் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தாலும் இருபுறமும், உறையின் இருபுறமும் எடுக்க வேண்டும். மங்கிய பென்சில் எழுத்துக்கு ஒரு வழி: அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து மேலிருந்து போனில் படம் எடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாக விழுந்து எழுத்து தெரியும். கரைந்து போன நான்கில் ஒன்றை இப்படித்தான் முக்கால்வாசி மீட்டோம்.

இனி ஆவணம் தேடிய கதை. உறைகளில் எண்ணைப் பார்த்ததும் தாத்தாவின் படைப் பதிவைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. பிரான்சிலிருந்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார், 28,000 ரூபாய் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து அவர் தந்தது ஒரே ஒரு தாள். போரில் இறந்தவர்களுக்காகப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கும் மெமுவார் தெசோம் தளத்திலிருந்து எடுத்த, ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொருவரின் பதிவு. என் தாத்தா உயிரோடு திரும்பி வந்து, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர். அவர் அந்த இறந்தோர் பட்டியலில் இருக்கவே முடியாது. இதைக் கேட்கக்கூடத் தெரியாமல் பணம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டவர் போரில் இறந்திருந்தால் அங்கே நீங்களே தேடலாம். திரும்பி வந்தவர் என்றால், அதிகாரியாக இல்லாதவர்களின் கோப்பு பிரான்சின் தென்மேற்கில் போ என்ற ஊரில், பெர்னதோத் படைக்குடியிருப்பில் உள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதிகாரிகளுடையது பாரிஸ் ஓரத்து வென்சேனில்.

நேரடியாக எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், மத்ரிக்யூல் எண் (படையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்), சேர்ந்த இடம், தெரிந்த படைப்பிரிவுகள், உங்கள் உறவு. இவற்றோடு உங்கள் அடையாள அட்டை நகல், தாத்தாவிலிருந்து உங்கள் வரை பிறப்புச் சான்றுகள். கேட்க வேண்டியது பணிக்கால விவரச் சுருக்கம், பிரெஞ்சில் எத்தா சிஞாலெத்திக் எ தே செர்வீஸ். மத்ரிக்யூல் எண் இல்லாமல் அனுப்பிய என் முதல் விண்ணப்பம் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று திரும்பியது. அந்த எண் பழைய பென்ஷன் புத்தகத்திலோ, படைக் கையேட்டிலோ, முன்னாள் போர்வீரர் அட்டையிலோ கிடைக்கும். எங்களுக்கு ஒரு உறையில், அனுப்புநர் பெயருக்குக் கீழேயே கிடைத்தது. நான் தூக்கிப் போட்ட ஒன்பதில் இன்னும் என்னென்ன இருந்ததோ.

பெயர்தான் பெரிய சிக்கல். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பம் (தம் சமயத் தனிச்சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள்) என்றால் ஒரு பெயராவது நிலையாக இருக்கும். அப்படி இல்லாதவர்களுக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் முன்பெயராகவும், சில தாள்களில் இரண்டும் இடம் மாறியும் இருக்கும். ழ, ற, ண எல்லாம் எழுத்தரின் காதைப் பொறுத்தவை. நான் ஐந்து விதமான எழுத்துக்கூட்டலையும் விண்ணப்பத்திலேயே வரிசையாகக் கொடுத்தேன். மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வாங்கும் எத்தா சிவில் (குடிமைப் பதிவேட்டு) பிறப்புப் பதிவில் எப்படி இருக்கிறதோ அதை முதலில் எழுதுங்கள். பதில் வர ஏழு மாதம் ஆனது. எனக்கு ஆன செலவு சான்றுகளும் தபாலும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்.

படைப்பிரிவு அன்றன்றைக்கு என்ன செய்தது என்ற குறிப்பேடுகள் வென்சேனில் இருக்கின்றன. இந்தோசீனா ஆவணங்கள் 10 எச் வரிசையிலும், 1946-க்குப் பிந்தைய பிரிவுகளின் நாட்குறிப்புகள் 7 யூ வரிசையிலும். அங்கே போய்ப் படிக்க முன்பதிவு வேண்டும், பெட்டி எண்ணை முன்னாலேயே சொல்ல வேண்டும். பாரிஸ் பக்கம் சொந்தக்காரர் இல்லாத புதுச்சேரிக் குடும்பம் குறைவு, ஒரு நாள் போய் வரச் சொல்லுங்கள்.

கடலூர்ப் பக்கம் இருந்து போனவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படை, அவர்களுக்கு இந்த வழி உதவாது. உறையில் எஃப்.பி.ஓ. எண் இருக்கும், அது களத் தபாலகத்தின் எண். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர் என்றால் பெங்களூரில் உள்ள அந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு ரெஜிமெண்ட் எண்ணோடு எழுத வேண்டும். உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம்.

இப்போது கடிதங்கள் அமிலம் இல்லாத தாளுக்கு நடுவே, அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் அலமாரியில் இருக்கின்றன. ரப்பர் பேண்டும் குண்டூசியும் கிடையாது, பருத்தி நாடாதான். பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். மாதம் ஒருமுறை திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா பார்க்கிறேன். அதற்குப் பழைய பசை பிடிக்கும், ஆகவே முதலில் உறையைத்தான் தின்னும்.

கையெழுத்துக் கட்டத்துக்கு வருகிறேன். 33, 34, 35 ஆகிய மூன்று கடிதங்களும் வேறு யாரோ எழுதியவை, எழுத்து வட்டமாக, அழகாக இருக்கும். தாத்தாவுக்கு எழுதச் சோம்பல், நண்பரை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் பேச்சு. 33-க்கும் 35-க்கும் உறை நான் தூக்கிப் போட்டதில் போய்விட்டது. 34-இன் உறையில் மட்டும் முன்னும் பின்னும் இல்லாத ஓர் எஸ்.பி. எண் இருந்தது, ஏன் என்று தெரியாமல் நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். போவிலிருந்து வந்த பதிவில் ஒரு வரி: 1952 அக்டோபர் 21, தொங்கின் (வியட்நாமின் வடபகுதி), குண்டுச் சில்லால் வலது முன்கையில் காயம், ஹனோய் லானெசான் மருத்துவமனை. 34-ஆம் கடிதத்தின் தேதி நந்தன வருஷம் ஐப்பசி 20, அதாவது நவம்பர் முதல் வாரம். முதல் வரி வழக்கம் போல, "இப்பவும் சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் நான் சுகம்."